இலை ஏன் காத்திருக்கிறது?

(கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளும் தொழிற்சாலைப் பொறுப்பாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மழை பெய்து, வெயில் காய்ந்து, கொழுந்து பொங்கி வரும் மாதங்களில் நம் மலையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். காலையில் பறித்த பசுந்தேயிலை மாலையில் தொழிற்சாலை வாசலில் சாக்கு மூட்டையாகக் கிடக்கிறது. பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது, மூட்டைக்குள் சூடு ஏறுகிறது, இலை சிவந்துபோகிறது. தூளின் தரம் குறைகிறது, குன்னூர் ஏலத்தில் விலை குறைகிறது, மறுமாதம் உங்கள் கையில் வரும் பணமும் குறைகிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ இலை வேண்டும். ஒவ்வொரு கிலோவும் யாரோ ஒரு அம்மாவின் முதுகில் ஏறி வந்தது.

இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு, இன்னொரு மெஷின் போடுங்கள், இன்னொரு வண்டி வாங்குங்கள் என்பதுதான். அந்தச் செலவுக்கு முன்னால் செய்யவேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஆபரேஷன்ஸ் ரிசர்ச், செயல்பாட்டு ஆய்வு என்று கல்லூரியில் சொல்லித்தரும் படிப்பு அது; இருப்பதை வைத்தே வேலையை எப்படிச் சிறப்பாக நடத்தலாம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது. பெரிய கம்பெனிகளுக்கான படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வீணாக்கப் பணம் இல்லாதவருக்குத்தான் இது அதிகம் தேவை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் செய்தி ஒன்று. அமெரிக்கப் படைமுகாம் ஒன்றில் சாப்பிட்ட தட்டைக் கழுவச் சிப்பாய்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். இருந்தவை நான்கு தொட்டிகள். இரண்டு சோப்புத் தண்ணீரில் கழுவ, இரண்டு அலச. ஆய்வாளர் ஒருவர் நின்று கவனித்தார். கழுவ ஆகும் நேரம் அலசுவதைப் போல மூன்று மடங்கு. மூன்று தொட்டியைக் கழுவ வையுங்கள், ஒன்றை அலச வையுங்கள் என்றார். வரிசை கரைந்துபோனது. ஐந்தாவது தொட்டி வாங்கவில்லை.

இப்போது நம் தொழிற்சாலைக்கு வருவோம். இலை எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று கேட்டால் மேனேஜர் ஒன்று சொல்வார், இலை ஏஜெண்ட் வேறொன்று சொல்வார். கடிகாரத்தோடு மூட்டைக்கு மூட்டை ஓடவேண்டியதில்லை. 1961-இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்த விதி கைகொடுக்கும்: சராசரியாகக் காத்துக்கிடக்கும் சரக்கை, மணிக்கு உள்ளே போகும் சரக்கால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் கிடைத்துவிடும். வாசலில் சராசரியாக 4,500 கிலோ கிடக்கிறது, மணிக்கு 1,500 கிலோ வாட்டும் ட்ரஃபுக்கு, அதாவது இலையின் ஈரத்தைக் குறைக்கும் நீண்ட தொட்டிக்கு, ஏறுகிறது என்றால், ஒவ்வொரு இலையும் சராசரி 3 மணி நேரம் வாசலிலேயே கிடக்கிறது. வாட்டும் நேரம் அதற்கு மேல்.

அடுத்தது எடை மேடை. இதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். ஒரு வண்டிக்கு எடை போட்டு இறக்கச் சராசரி 6 நிமிடம். அப்படியானால் மணிக்கு 10 வண்டி பார்க்கலாம். வண்டிகள் நேரம் காலம் இல்லாமல் வருகின்றன, எடை போடும் நேரமும் கூடிக் குறைகிறது. மணிக்கு 5 வண்டி வந்தால் ஒரு வண்டி வரிசையில் நிற்பது சராசரி 6 நிமிடம். 8 வண்டி வந்தால் 24 நிமிடம். 9 வந்தால் 54 நிமிடம்! ஒரே ஒரு வண்டிதான் கூடியது, காத்திருப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக எர்லாங் என்ற கணித அறிஞர் 1909-இல் தொடங்கி வைத்த வரிசைக் கணிதம் காட்டும் உண்மை இது.

அதே 9 வண்டியும் சீரான இடைவெளியில் வந்து, ஒவ்வொன்றும் சரியாக 6 நிமிடத்தில் முடிந்தால் காத்திருப்பே கிடையாது. ஆக, மேடை சிறியது என்பதைவிட எல்லோரும் மாலையில் ஒன்றாக வந்து மோதுவதுதான் பெரிய நோய். எந்த ஊர் வண்டி எத்தனை மணிக்கு என்று ஏஜெண்டுகள் உட்கார்ந்து பேசி முறை வைத்துக்கொள்ள ஒரு ரூபாய் செலவில்லை. பறிக்கும் அம்மாக்கள் மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை எடை போட்டால் பாதி இலை முன்னாலேயே வந்துவிடும்.

சாலையும் ஒரு வரிசைதான். சுற்றுலா சீசனில் ஊட்டி வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வது அதனால்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்ததும், மலை எவ்வளவு தாங்கும் என்று ஐ.ஐ.டி. சென்னையையும் ஐ.ஐ.எம். பெங்களூருவையும் ஆராயச் சொன்னதும் இதே வகைக் கணக்கின் வேலை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். லெனின்கிராடில் ஒரு ப்ளைவுட் நிறுவனம் கேட்ட கேள்வியிலிருந்து கான்டரோவிச் என்ற கணித அறிஞர் 1939-இல், இருப்பதை எப்படிப் பங்கிட்டால் அதிகப் பலன் கிடைக்கும் என்று கணக்கிடும் ஒரு முறையைக் கண்டார். அமெரிக்காவில் டான்ட்சிக் என்ற கணித அறிஞர் 1947-இல் அதை எந்தத் தொழிலுக்கும் போடத்தக்க கணக்காக்கினார். குறைந்த செலவில் வண்டி ஓட்டும் வழியை அது சொல்லிவிடும். ஆனால் செலவை மட்டும் குறை என்று கேட்டால், தூரத்து ஹட்டியில், அதாவது மலைக் கிராமத்தில், இரண்டு மூட்டைக்காக வண்டி போகவேண்டாம் என்றுதான் விடை வரும். கணக்கின்மேல் குற்றமில்லை, நாம் கேட்ட கேள்வி அப்படி. எந்த ஹட்டியும் விடுபடக் கூடாது என்பதை நிபந்தனையாக முதலிலேயே எழுதிக் கொடுங்கள், அதற்குள் சிக்கனமான வழியை அது தேடித் தரும். அந்த நிபந்தனையை எழுதும் இடத்தில் விவசாயியும் உட்கார்ந்திருக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தொழிற்சாலைப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி வந்த நேரம், எடை போட்ட நேரம், இலை ட்ரஃபில் ஏறிய நேரம், இந்த மூன்றையும் எடைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதச் சீட்டு சேர்ந்ததும் கொண்டு வாருங்கள். மெஷின் வேண்டுமா, முறை வைத்தால் போதுமா என்று உங்களோடு உட்கார்ந்து கணக்குப் போட நான் வருகிறேன். நன்றி, வணக்கம்.