பால் குடிக்கும் வயதில் மூளை எதை எரிக்கிறது?

[திரையில்: மூளையின் நுண்குழாய், குறுக்குவெட்டு]

இது மூளைக்குள் ஓடும் ஓர் இரத்த நுண்குழாய். சுவரைக் கவனியுங்கள். செல்லும் செல்லும் தைத்து மூடியது போல ஒட்டி நிற்கின்றன. இதைத்தான் இரத்த-மூளைத் தடை என்கிறோம். குளுக்கோஸ் நீரில் கரையும் பொருள். கொழுப்பாலான செல் சவ்வைத் தானாகத் தாண்டாது. சவ்வில் பதிந்திருக்கும் குளூட்-1 என்ற புரதம்தான் அதை உள்ளே விடுகிறது.

வளர்ந்த மூளைக்கு இதுவே முக்கிய வாசல். பச்சிளம் மூளைக்கு?

[திரையில்: தாயிடம் பால் குடிக்கும் எலிக்குட்டிகள்]

எலிக்குட்டிகளில் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். பிறந்த புதிதில் அந்தச் சுவரில் குளூட்-1 குறைவு. எம்சிடி-1 என்ற வேறொரு புரதம் ஏராளம். குளுக்கோஸ் சிதைவதால் உண்டாகும் லாக்டேட்டும், கொழுப்பிலிருந்து உண்டாகும் எரிபொருளான கீட்டோனும் அது வழியாகத்தான் போகும். காரணம் பாலில் இருக்கிறது. எலிப்பாலில் கொழுப்பு மிக அதிகம். குட்டியின் கல்லீரல் அதைக் கீட்டோனாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. எது நிறைய வருகிறதோ அதற்கான வாசல் அகலமாகத் திறந்திருக்கிறது! இரண்டு வார வயதையொட்டி எம்சிடி-1 உச்சத்தில் இருக்கும். குட்டி பால் மறந்து இரை தின்னத் தொடங்கியதும் அது குறையும், குளூட்-1 கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உள்ளே போகும் கீட்டோன் முழுவதும் எரிந்துவிடுவதில்லை. ஒரு பகுதி கொலஸ்ட்ராலாகவும் கொழுப்பாகவும் மாறி, நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறைக்குப் போகிறது. விறகாக வந்ததில் ஒரு பங்கு வீடு கட்டவும் ஆகிறது.

சரி, மனிதக் குழந்தைக்கு வருவோம். பிறந்த குழந்தையின் மூளையும் கீட்டோனைப் பெரியவர்களின் மூளையைவிட வேகமாக எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டாவது வாசல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஒரு நோயில் தெரிகிறது.

[திரையில்: 1991]

அந்த ஆண்டு நரம்பியல் மருத்துவர் டி விவோவின் குழுவினர் இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். வலிப்பு, வளர்ச்சியில் தாமதம். இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தது. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரில் மட்டும் குறைவு. குளூட்-1 சரியாக வேலை செய்யவில்லை. மருத்துவக் கண்காணிப்பில் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு கொடுத்தால், எம்சிடி-1 வழியாக மூளைக்கு எரிபொருள் போகிறது. பல குழந்தைகளுக்கு வலிப்பு அடங்குகிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதனால்தான், காரணம் தெரியாத வலிப்போடு வரும் கைக்குழந்தைக்கு இரத்தச் சர்க்கரையோடு நிறுத்திவிடாமல், தண்டுவட நீரிலும் குளுக்கோஸ் அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள்.