தண்ணீர் வரும் என்று ஊரையே காலி செய்தார்கள், தண்ணீர் வரவே இல்லை! ஸ்பெயினின் எஸ்த்ரெமதூரா

[திரையில்: ட்ரோன் காட்சி. ஏரி நீருக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தில் மதில் சூழ்ந்த ஒரு சிற்றூர்]

இந்த ஊரை நன்றாகப் பாருங்கள். சுற்றிலும் மதில். நுழைவாயிலை ஒட்டி ஒரு கோட்டை. நடுவில் சதுக்கம், அதைச் சுற்றி வண்ணம் பூசிய வீடுகள், ஒரு தேவாலயம். எல்லாம் இருக்கிறது, ஊர்க்காரர்களைத் தவிர. கடைசிக் குடும்பங்கள் 1964இல் கிளம்பிவிட்டன. போர் இல்லை, கொள்ளைநோய் இல்லை. "அணை கட்டுகிறோம், ஊர் மூழ்கப்போகிறது" என்று அரசாங்கம் சொன்னது. அணையைக் கட்டினார்கள், தண்ணீரும் வந்தது. வந்த தண்ணீர் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அறுபது வருடமாக அங்கேயேதான் நிற்கிறது.

ஊரின் பெயர் கிரானதீயா. இருப்பது எஸ்த்ரெமதூராவில்.

எஸ்த்ரெமதூரா எங்கே? ஸ்பெயினின் மேற்கு ஓரம், போர்ச்சுகல் எல்லை. காசெரெஸ், படகோஸ் என்று இரண்டே மாகாணங்கள், ஆனால் ஸ்பெயினிலேயே பரப்பில் பெரிய மாகாணங்கள் இவை இரண்டும்தான். மொத்த மக்கள்தொகை பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். கடல் கிடையாது. அவ்வளவு போதும், மேலே போவோம்.

சரி, கடல் இல்லாத இடத்தில் ஏன் இவ்வளவு தண்ணீர்? தாஹோ, குவாதியானா என்ற இரண்டு பெரிய ஆறுகள் இந்த நிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. இடையிடையே குவார்ட்சைட் பாறை மலைத்தொடர்கள். ஆறு அந்தப் பாறையை அறுத்துக்கொண்டு போன இடமெல்லாம் குறுகலான இடுக்கு. பழைய காலத்து ராஜாக்கள் அந்த இடுக்கைப் பார்த்ததும் "இங்கே மேலே ஒரு கோட்டை கட்டினால் ஆற்றைக் கடப்பவன் எவனும் தப்ப முடியாது" என்று நினைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் அதே இடுக்கைப் பார்த்து "இங்கே ஒரு சுவர் வைத்தால் ஆறே தப்ப முடியாது" என்று நினைத்தார்கள். அதனால்தான் இங்கே கோட்டையும் நீர்த்தேக்கமும் அடுத்தடுத்து இருக்கின்றன. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் அணைகள் வரிசையாக எழுந்தன. தாஹோ பக்கம் பெரும்பாலும் மின்சாரத்துக்காக. குவாதியானா பக்கம் 1952இல் தொடங்கிய படகோஸ் திட்டத்தின் கீழ் பாசனத்துக்காக. ஸ்பெயினின் ஆலைகளில் சாஸாக மாறும் தக்காளியில் பெரும்பங்கு இன்று இந்த மண்ணில்தான் விளைகிறது. வரலாற்றுப் பாடம் முடிந்தது, தூங்கியவர்கள் எழுந்திருக்கலாம்.

[திரையில்: கிரானதீயா கோட்டையின் மேல்தளம்]

மறுபடி கிரானதீயா. இதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் எழுந்த ஊர் இது. மதில் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோட்டையை 15ஆம் நூற்றாண்டில் ஆல்பா பிரபுக் குடும்பம் கட்டியது. சதுரமான கோபுரம், அதன் நான்கு பக்கத்திலும் அரைவட்டமாகப் புடைத்த சுவர்கள். மேலிருந்து பார்த்தால் நாலிதழ்ப் பூ மாதிரி இருக்கும். அலகோன் ஆற்றங்கரையில் நல்ல வயல்கள் இருந்தன, ஆயிரம் பேர் அளவில் வாழ்ந்தார்கள்.

1955இல் ஆணை வந்தது. மொத்த ஊரும் வெள்ளப் பகுதி, எல்லா வீடுகளையும் அரசு எடுத்துக்கொள்கிறது. அணை 1961இல் முடிந்தது. நீர் ஏற ஏற, முதலில் போனது வீடு அல்ல, வயல். நல்ல மண் எல்லாம் ஆற்றோரத்தில்தானே இருந்தது? அப்புறம் சாலைகள் ஒவ்வொன்றாக மூழ்கின, கடைசியில் ஒரே ஒரு வழி மிஞ்சியது. வீட்டுக்குள் ஒரு சொட்டு நீர் வராமலேயே ஊரின் கழுத்தை நெரித்த மாதிரி ஆகிவிட்டது. 1964க்குள் எல்லாரும் போய்விட்டார்கள். பலர் புதிதாகக் கட்டப்பட்ட குடியேற்ற ஊர்களில் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் வேறு நகரங்களுக்குப் போனார்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஊர் மூழ்கவில்லை என்று எல்லாருக்கும் கண்ணெதிரே தெரிகிறது. அப்படியானால் திரும்ப விடலாமே? விடவில்லை. பிராங்கோ 1975இல் இறந்தார், ஜனநாயகம் வந்தது, அப்போதும் விடவில்லை. ஆனால் 1980இல் அதே ஊரை 'வரலாற்றுச் சிறப்புமிக்க இடம்' என்று அறிவித்தார்கள்! கல்லுக்குப் பாதுகாப்பு கிடைத்தது, கல்லை அடுக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சாவி கிடைக்கவில்லை. 1984இலிருந்து கைவிடப்பட்ட ஊர்களை மீட்கும் அரசுத் திட்டம் ஒன்று இங்கே நடக்கிறது. ஸ்பெயின் முழுவதிலுமிருந்து மாணவர்கள் வந்து தங்கி, சுவர் பூசுகிறார்கள், தோட்டம் போடுகிறார்கள். அருமையான திட்டம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் யோசியுங்கள்: எங்கிருந்தோ வரும் பதினைந்து வயதுப் பையன் அங்கே படுத்துத் தூங்கலாம், அந்த வீட்டில் பிறந்த பாட்டி தூங்க முடியாது.

பழைய ஊர்க்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் வருடத்தில் இரண்டு நாள் கூடுகிறார்கள். ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாள். நவம்பர் 1, அனைத்துப் புனிதர் நாள். பூசை, பேச்சு, சாப்பாடு. மாலையில் கிளம்பிவிட வேண்டும்.

இந்த நீர்த்தேக்கத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? காபிரியேல் இ கலான். இந்த வட்டாரத்து விவசாயிகளின் பேச்சுமொழியிலேயே கவிதை எழுதிய கவிஞர். உழவர்களைப் பாடியவரின் பெயரை உழவர்களின் வயலை மூழ்கடித்த நீருக்கு வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. நகைச்சுவை உணர்வு மட்டும் அவருக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை.

[திரையில்: நீருக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் கல் கோபுரம்]

அடுத்தது நேர் எதிர். இங்கே ஊர் தப்பியது, கோட்டை மூழ்கியது. கர்ரோவீயாஸ் என்ற ஊர் அருகே தாஹோ ஆற்றில் அல்காந்தரா நீர்த்தேக்கம். அதன் நடுவே தெரிவது ஃப்ளோரிப்பெஸ் கோபுரம், அல்கோனேதார் கோட்டையின் மிச்சம். நீர் நிறைந்தால் தலை மட்டும், குறைந்தால் இடுப்பு வரை தெரியும். பக்கத்திலேயே ஆற்றின் குறுக்கே ஒரு ரோமானியப் பாலமும் இருந்தது. அதைக் கல் கல்லாகப் பிரித்து, 1970இல் சுமார் ஆறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் அடுக்கினார்கள். இப்போது அது ஆற்றுக்குக் குறுக்கே இல்லை. பாலம் பத்திரமாக இருக்கிறது, கடப்பதற்குத்தான் எதுவும் இல்லை. கோட்டைக்கு அந்த அதிர்ஷ்டமும் வாய்க்கவில்லை.

தாஹோவின் மேல்பக்கம் வால்தெகான்யாஸ் நீர்த்தேக்கம். 1963இல் இது நிரம்பியபோது தலவேரா லா வியேஹா என்ற ஊர் முழுசாக உள்ளே போனது. ரோமானியர் காலத்தில் அது அவுகுஸ்தோப்ரிகா நகரம். அங்கிருந்த கோயில் முகப்பின் தூண்களை மட்டும் எடுத்துவந்து கரையில் நிறுத்திவிட்டார்கள். சாலையோரம் வண்டியை நிறுத்தினால் பார்க்கலாம், டிக்கெட் கிடையாது.

இதே நீருக்குள் இன்னொன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது: குவாதல்பெரால் கல்வட்டம். நூற்றைம்பது அளவில் நிற்கும் கருங்கற்கள், ரோமானியர்களுக்கும் சில ஆயிரம் ஆண்டு முந்தையவை. 1920களில் ஹூகோ ஓபர்மையர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தோண்டிப் பார்த்தார். பிறகு அணை வந்தது, கற்கள் உள்ளே போயின. 2019 வறட்சியில் மொத்தமாக வெளியே வந்தன, 2022இல் மறுபடியும். ஒரு கல்லில் வளைந்து வளைந்து ஒரு கோடு செதுக்கியிருக்கிறது. பாம்பு என்கிறார்கள் சிலர். இல்லை, அது தாஹோ ஆற்றின் வரைபடம் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு வரைபடம்தான் பிடித்திருக்கிறது. ஆற்றை வரைந்து வைத்தவர்களை அந்த ஆறே வந்து மூடியிருக்கிறது என்று கதை சொல்ல வசதியாக இருக்கும். ஆதாரம் கேட்காதீர்கள். பாம்பு கட்சியா, ஆறு கட்சியா, கமெண்டில் சொல்லுங்கள்.

[திரையில்: பாறை முகட்டில் வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள்]

மலைக்கு வருவோம். மொன்ஃப்ராகுவே, 2007இலிருந்து தேசியப் பூங்கா. கோட்டை உச்சியில் ஏறி நின்றால் கழுகுகள் தலைக்கு மேலே பறக்காது, காலுக்குக் கீழே பறக்கும்! கருங்கழுகு மட்டும் முந்நூறு ஜோடிக்கு மேல் இங்கே கூடு கட்டுகிறது. கிழக்கே வீயுவெர்க்காஸ் மலைகள். அங்கே குவார்ட்சைட் பாறையில் ட்ரைலோபைட்டுகள் என்ற, எப்போதோ அழிந்துபோன கடல் உயிரினங்கள் ஊர்ந்த தடம் அப்படியே பதிந்திருக்கிறது. அந்த மலை ஒரு காலத்தில் கடலடி. உயரம் பெரிதல்ல, 1,600 மீட்டர்தான். ஏறுவதற்கு உயிரை விட வேண்டாம்.

கடைசி நிறுத்தம், தெற்கே படகோஸ் மாகாணத்தில் பூவெப்லா தே அல்கோசேர். குன்றின் மேல் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை. கீழே தெரிவது லா செரேனா, ஸ்பெயினிலேயே பெரிய நீர்த்தேக்கம். கொள்ளளவு 321 கோடி கன மீட்டருக்கு மேல், நம் கணக்கில் சுமார் 113 டி.எம்.சி. பக்கத்தில் ஒரெயானா நீர்த்தேக்கம். அதன் கரையில் மணல் போட்டுக் கடற்கரையாகவே ஆக்கி, தூய்மையான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றிதழும் 2010இல் வாங்கிவிட்டார்கள். உள்நாட்டு நன்னீர்க் கரை ஒன்றுக்கு ஸ்பெயினில் அதுவே முதல் முறை.

பூவெப்லா தே அல்கோசேருக்கு வந்தவர்கள் கோட்டையோடு திரும்பிவிடக் கூடாது. இங்கே பிறந்தவர் அகுஸ்தீன் லுவெங்கோ, 1849இல். உயரம் 2.35 மீட்டர், நம் அளவில் ஏழே முக்கால் அடி! மத்ரித் மருத்துவர் கொன்சாலெஸ் வெலாஸ்கோ இவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார் என்பார்கள்: உயிரோடு இருக்கும்வரை தினமும் பணம், இறந்த பிறகு உடல் எனக்கு. மருத்துவர் ரொம்ப நாள் பணம் கொடுக்க வேண்டி வரவில்லை. 1875 முடிவதற்குள், 26 வயதில் லுவெங்கோ இறந்துபோனார், எலும்புக்கூடு வெலாஸ்கோவின் அருங்காட்சியகத்துக்குப் போனது. சொந்த ஊரில் அவருக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல், மே அல்லது அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கார் கட்டாயம், பேருந்தை நம்பினால் பாதி இடம் போக முடியாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் சிற்றூர்க் கடைகள் சாத்தியிருக்கும், கையில் தண்ணீரும் ரொட்டியும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீடியோவில் அல்காந்தரா. ட்ராஜன் பேரரசர் காலத்து ரோமானியப் பாலம், ஆற்றில் அதற்குச் சற்று மேல்பக்கம் ராட்சத அணை. சப்ஸ்கிரைப் செய்யாதவர்கள் செய்துவிடுங்கள், இல்லையென்றால் பாலத்தைப் பிரித்து வேறு இடத்தில் அடுக்கிவிடுவேன்.