வலையை எங்கே நனைப்பது?

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். எட்டு நிமிஷம்தான் கொடுத்திருக்கீங்க, அதனால நேரா கடல்ல இறங்கிடறேன்.

"கச்சத்தீவின் மதிப்பு மண்ணிலா, கடலிலா?" இதுதான் தலைப்பு. நான் கடல் பக்கம். இராமேஸ்வரம் பக்கத்து மீனவ ஊரு, தங்கச்சிமடத்துக்காரி வேற எந்தப் பக்கம் நிற்பா?

எனக்கு முன்னாடி பேசின ஐயா, சேதுபதி மன்னர்கள் காலத்திலிருந்து ஆரம்பிச்சு, இராமநாதபுரம் ஜமீன் உரிமை, குத்தகைப் பத்திரம்னு அழகா அடுக்கினார். எல்லாம் உண்மை, மறுக்கல. 285 ஏக்கர், ஒண்ணரை கிலோமீட்டர் நீளம்னு அளந்தும் சொன்னார். கடைசியா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நீங்க கைதட்டினீங்க. "கடல் கடல்னு பேசுறீங்களே அம்மா, கடல்ல போய் வலையைக் காயப்போட முடியுமா? அதுக்கு மண்ணுதானே வேணும்?"

ஐயா, நான் என்னமோ பேசலாம்னு வந்தேன். இப்ப வலையைத்தான் பேசப் போறேன்.

எங்க தாத்தா பருத்தி வலைக்காரர். பருத்தி வலைன்னா இன்னைக்குப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஈரத்தோட சுருட்டி வெச்சா மக்கிப்போகும். கரைக்கு வந்ததும் மணல்ல விரிச்சு, காயவெச்சு, பனிச்சங்காயை இடிச்சு அந்தச் சாற்றில ஊறவெச்சு, திரும்பக் காயவெக்கணும். வீட்டில பிள்ளை அழுதா பாட்டி பார்த்துக்குவா. வலை ஈரமா இருந்தா தாத்தா தூங்க மாட்டார்.

அந்த வீட்டுக்கு ஒருநாள் நைலான் வலை வந்தது. எங்க அப்பா கடன் வாங்கி வாங்கிட்டு வந்தார். மறுநாள் கடலுக்குப் போயிட்டு வந்து, வலையைப் படகிலேயே போட்டுட்டு அப்பா தூங்கப் போயிட்டார். எழுந்து வந்து பார்த்தா படகில வலை இல்ல! ஓடிப் பார்த்தா, கடற்கரையில உச்சி வெயில்ல, மொத்த வலையையும் விரிச்சுப் போட்டுட்டு, பனைமட்டையைக் கையில வெச்சுக்கிட்டுத் தாத்தா காக்கா விரட்டிக்கிட்டு இருக்கார்.

அப்பா பதறிட்டார். "ஐயோ, இதை வெயில்ல போடாதீங்க, நூல் இத்துப்போகும்!"

தாத்தா அசரல. "வெயில்ல இத்துப்போற வலை உலகத்தில உண்டாடா?"

உண்டு! அதைத்தான் நான் சொல்ல வர்றேன். பருத்திக்கு ஈரம் எமன், நைலானுக்கு வெயில் எமன். தாத்தா நம்பவே இல்ல. மறுநாளும் விரிச்சார். அப்பா சுருட்டினார். அதுக்கும் மறுநாள் அப்பா கண்ணு அசந்த நேரத்தில திரும்ப விரிச்சார். இவர் விரிக்க, அவர் சுருட்ட, நடுவில நாங்க பிள்ளைகள் மட்டையை வெச்சுக்கிட்டு யார் பக்கம் நிற்கிறதுன்னு தெரியாம நின்னோம். ஒரு மாசம் நடந்தது இந்தப் பட்டிமன்றம். கடைசியில தாத்தா ஒருநாள் அந்த வலையை மோந்து பார்த்துட்டுச் சொன்னார்: "இதுல பனிச்சை வாசமும் இல்ல, நம்ம கை வாசமும் இல்ல. இதுக்கு எதுக்குடா மணலு?"

நடுவர் அவர்களே, "இதுக்கு எதுக்குடா மணலு?" எதிரணிக்கு என்னுடைய பதில் இந்த ஒரு வரிதான். எங்க தாத்தா கொடுத்த பதில்.

ஏன்னா 1974 ஜூன்ல இந்திரா காந்தி அம்மையாரும் சிறீமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில, எல்லைக்கோடு தீவோட மேற்குக் கரைக்கு ஒரு மைல் தள்ளி நமக்கு இந்தப் பக்கமா போச்சு. தீவு அந்தப் பக்கம் போச்சு. ஐந்தாவது பிரிவில, இந்திய மீனவரும் திருவிழாவுக்குப் போறவங்களும் வழக்கம்போல தீவுக்கு வரலாம், விசா வேண்டாம்னு எழுதினாங்க. எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம் சொன்னவங்க எல்லாரும் சொன்னது: போகலாம், ஓய்வெடுக்கலாம், வலை காயவைக்கலாம். பருத்தி வலை போய் நைலான் வந்துக்கிட்டிருந்த காலம் அது. காயவைக்க அவசியமே இல்லாத வலையைக் காயவைக்க இடம் கிடைச்சது!

சரி, மீன்? 1976 மார்ச்ல இரண்டு நாட்டு அதிகாரிகளும் கடிதம் பரிமாறிக்கிட்டாங்க. ஒரு நாட்டு மீனவர் அடுத்த நாட்டுக் கடல்ல மீன் பிடிக்கக் கூடாது. முடிஞ்சது. காயவைக்க மண் கொடுத்தாங்க ஐயா, நனைக்கக் கடல் கொடுக்கல. நனையாத வலையை எங்கே காயவைக்க?

ஏன், 1921லேயே கொழும்பில உட்கார்ந்து சென்னை மாகாணமும் இலங்கையும் பேசினது என்ன? மீன்பிடி எல்லை. முத்தும் சங்கும் மீனும் யாருக்குங்கிற கேள்வி. அந்தக் கோட்டைத் தீவுக்கு மேற்கே இழுத்தப்போ, தீவு மேல இராமநாதபுரம் ராஜாவோட உரிமை இதனால பாதிக்காதுன்னு இந்தியத் தரப்பு தனியா சொல்லி வெச்சது. மண்ணைத் தனியா எடுத்து வெச்சுட்டு, கடலைத்தான் பங்கு போட்டாங்க.

பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டர்கூட ஆழமில்லாத கடல். இரண்டு கரைக்கும் நடுவில யாருக்கும் சொந்தமில்லாத தண்ணின்னு ஒரு சொட்டு கிடையாது. இதில இழுவைமடி வந்து தரையோட அரிச்சு எடுத்தா என்ன மிஞ்சும்? நம்ம பக்கம் அரிச்சாச்சு. எல்லைக்கோட்டைத் தாண்டினா இலங்கைக் கடற்படைக்காரன் பிடிக்கிறான், தாண்டாட்டி கடன்காரன் பிடிக்கிறான். இழுவைமடியை இலங்கை 2017ல சட்டம் போட்டே தடுத்தது. அதில எனக்கு அந்தப் பக்கத்து மேல கோபம் வரல. ஏன் வரலன்னு சொல்றேன். மணி அடிக்காதீங்க, இது ஒண்ணுதான்.

இலங்கையில போர் முடிஞ்ச பிறகு கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு அம்மாவோட போனேன். நம்புதாளை மீனவர் சீனிக்குப்பன் படையாட்சி கட்டினதுன்னு பெரியவங்க சொல்ற கோயில். கொடியேறி, சிலுவைப்பாதை முடிஞ்சு, ராத்திரி மணல்ல உட்கார்ந்திருக்கோம். பக்கத்தில இலங்கை நெடுந்தீவு அம்மா ஒருத்தங்க. காய்ஞ்ச பனங்கிழங்கு ஒடியல் கொடுத்தாங்க, சவர்க்காரம் ஒண்ணு கொடுத்தாங்க. எங்க அம்மா தைலப் புட்டி கொடுத்தாங்க. பேசிக்கிட்டே இருக்கும்போது அந்த அம்மா சொன்னாங்க: "உங்கட றோலர் ஒரு இரவில என்ர மனுசன்ர வலை முழுக்க அறுத்துக்கொண்டு போட்டுது, அக்கா." றோலர்னா நம்ம இழுவைமடிப் படகு.

எங்க அம்மா பேசல. கூலிக்கு விசைப்படகில போன அவங்க தம்பி, என் மாமா, அப்பதான் அந்தப் பக்கத்துச் சிறையிலிருந்து வீடு வந்து சேர்ந்திருந்தார். எதைச் சொல்றது? ரொம்ப நேரம் கழிச்சு அம்மா கேட்டது ஒரே கேள்வி. "வலைக் கண்ணி எவ்வளவு அகலம் வெச்சிருந்தீங்க?"

அவ்வளவுதான். அந்த அம்மா விரலை வெச்சுக் காட்டினாங்க. எங்க அம்மா விரலை வெச்சுக் காட்டினாங்க. நூல் என்ன தடிமன், கிழிஞ்சா எங்கே பிடிச்சு முடிச்சுப் போடணும், எந்த மாசம் எந்த மீன். விடிய விடியப் பேசினாங்க. எந்தப் படகுன்னு இவங்களும் சொல்லல, யார் பிடிச்சாங்கன்னு அவங்களும் கேட்கல.

காலையில பூசை முடிஞ்சு கிளம்பும்போது எங்க கேன் காலி. அந்தத் தீவில குடிதண்ணி கிடையாது. அந்த அம்மா, ஊர்லேருந்து கொண்டு வந்த தண்ணியை எங்க பாட்டில் நிறைய ஊத்தினாங்க. படகு கோட்டைத் தாண்டி வந்த பிறகுதான் அம்மா அதைத் திறந்து ஒரு வாய் குடிச்சாங்க. என்னம்மா, எப்படி இருக்குன்னு கேட்டேன்.

"கொஞ்சம் உவர்ப்புதான்டி. நம்ம வீட்டுக் கிணத்துத் தண்ணி மாதிரியே இருக்கு."

வணக்கம்.