அளக்காத இடத்துக்கு என்ன நிறம்?

நேயர்களுக்கு வணக்கம்.

2011 மார்ச் 24. ஜப்பானில் ஃபுகுஷிமா டைச்சி அணுமின் நிலையத்தின் 3-ஆம் உலையை ஒட்டிய டர்பைன் கட்டடம். மின்கேபிள் இழுப்பதற்காக அடித்தளத்தில் இறங்கிய தொழிலாளர்கள், தரையில் தேங்கியிருந்த தண்ணீரில் நின்று வேலை செய்தார்கள். உடலில் மாட்டியிருந்த டோசிமீட்டர், அதாவது உடல் வாங்கும் கதிரளவை (டோஸை) அளக்கும் கருவி, அலறியது. வேலை நிற்கவில்லை. ஏனென்றால் முந்தைய நாள் அதே இடத்தில் அளந்திருந்தார்கள். அப்போது தண்ணீர் கொஞ்சம்தான், கதிரளவும் குறைவுதான். அந்தப் பழைய எண்ணை நம்பி, மீட்டர்தான் கெட்டுப்போய்க் கத்துகிறது என்று நினைத்துவிட்டார்கள். அன்று தண்ணீரின் மேற்பரப்பில் இருந்தது மணிக்கு சுமார் 400 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிரளவின் அலகு இது). மூன்று பேர் ஆளுக்கு 170 மில்லிசீவர்ட்டுக்கு மேல் வாங்கினார்கள். அவர்களில் இருவர் சாதாரணக் காலணியோடு நின்றவர்கள்; தண்ணீர் உள்ளே புகுந்து பாதத்தை நனைத்தது.

இந்தியாவில் அணுசக்தித் தொழிலாளி ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, ஐந்து ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் ஷட்டவுன் வேலைக்கு, அதாவது உலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்புக்கு, போய்வருபவர்களின் குடும்பங்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அந்த 20, 30 என்ற எண்களை வைத்து 170-ஐ எடைபோட்டுப் பாருங்கள்.

கதிர்வீச்சுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, சூடும் தெரியாது. உள்ளே போகிற ஆளுக்குக் கண்ணாக இருப்பது கையில் கொடுக்கப்படும் வரைபடம் ஒன்றுதான். எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எவ்வளவு அளந்தோம் என்பதை அது சொல்ல வேண்டும். அளக்காமல் விட்ட இடம் எது என்பதையும் அதே தெளிவோடு சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம் கவனம் அடிக்கடி தவறுகிறது. இன்றைக்கு இதை அழுத்திச் சொல்லவே வந்தேன்.

முதலில் இடத்தை வரைவது. தடித்த கான்கிரீட் சுவருக்குள் ஜிபிஎஸ் கிடைக்காது. பழைய கட்டட வரைபடத்தையும் நம்ப முடியாது. நாற்பது வருடத்தில் எத்தனையோ குழாய் புதிதாக ஏறியிருக்கும், எத்தனையோ சாரம் கழற்றப்படாமல் நிற்கும். அதனால் லைடார் என்ற லேசர் கருவியை ரோபோவிலோ ட்ரோனிலோ ஏற்றி அனுப்புகிறோம். ஒரு கிலோவுக்கும் குறைவான எடை, 16 லேசர் கதிர்கள், நொடிக்கு சுமார் 3 லட்சம் புள்ளிகள், 100 மீட்டர் எட்டும், பிழை 3 சென்டிமீட்டர் அளவுக்குள். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் புள்ளிகளை முந்தைய சுற்றோடு பொருத்திப் பார்த்து, 'நான் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறேன்' என்று கருவியே கணக்குப் போடுகிறது. இடத்தையும் வரைகிறது, அந்த இடத்தில் தான் எங்கே நிற்கிறோம் என்பதையும் கண்டுபிடித்துக்கொள்கிறது.

இது ஏமாறும் இடங்கள் உண்டு. இரண்டு பக்கமும் வழவழப்பான சுவர், கதவோ தூணோ இல்லாத நீண்ட நடை என்றால், நகர்ந்த தூரம் அதற்குப் பிடிபடாது; 30 மீட்டர் நடை 26 மீட்டராகச் சுருங்கிவிடும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் தொட்டி கண்ணாடிபோல லேசரைத் திருப்பிவிடும். தரையில் தேங்கிய தண்ணீர், கூரையைத் தலைகீழாகக் காட்டி, தரைக்குக் கீழே இல்லாத ஓர் அறையை வரைந்து வைக்கும். நீராவி, சுவர்போலத் தெரியும். நகர்ந்த தூரம் தவறுவதற்குக் கைகண்ட வழி, புறப்பட்ட இடத்துக்கே சுற்றித் திரும்புவது. தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால், இடையில் சேர்ந்த பிழையை மென்பொருள் பாதை முழுக்கப் பகிர்ந்து திருத்தும். வெறுமனே நேராகப் போய்விட்டு அங்கேயே முடித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது கதிரளவு. இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். டோஸ் மீட்டர் காட்டும் எண் அந்த நொடியின் எண் அல்ல. முள் ஆடாமல் இருக்கக் கடந்த சில நொடிகளை அது சராசரியாக்கிக் காட்டுகிறது. 6 நொடி பின்தங்கும் மீட்டர் என்று வையுங்கள். ரோபோ நொடிக்கு அரை மீட்டர் நகர்கிறது. அப்படியானால் ஹாட்ஸ்பாட், அதாவது கதிர்வீச்சு குவிந்திருக்கும் இடம், வரைபடத்தில் 3 மீட்டர் தள்ளிப் பதிவாகும். போகும்போது அந்தப் பக்கம் 3 மீட்டர், திரும்பும்போது இந்தப் பக்கம் 3 மீட்டர். உண்மையில் இல்லாத இரண்டு ஹாட்ஸ்பாட் வரைபடத்தில் முளைத்துவிடும். உண்மையானது அவற்றின் நடுவே சாதுவாக உட்கார்ந்திருக்கும். தொழிலாளி வரைபடத்தைப் பார்த்து ஒதுங்கி நிற்க நினைத்து, நேராக அதன் மேலேயே போய் நிற்பார்.

இதைத் தவிர்க்க, சராசரியாக்கிய எண்ணை விட்டுவிட்டு, கதிர் படும்போது மீட்டரில் எழும் துடிப்பு நொடிக்கு எத்தனை என்ற மூல எண்ணிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். லைடாரும் மீட்டரும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். வேகத்தையும் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும்: ஒரு நொடியில் 100 துடிப்பு வந்தால் பிழை 10, அதாவது பத்து சதவீதம், 4 துடிப்புதான் வந்தது என்றால் பிழை 2, பாதிக்குப் பாதி. குறைந்த கதிரளவு உள்ள பகுதியில் ரோபோ நின்று நிதானமாக அளக்க வேண்டும்.

உயரமும் முக்கியம். தரை வடிகாலில் ஒரு சிறிய கதிரியக்கத் துகள் சிக்கியிருந்தால், 5 சென்டிமீட்டரில் காட்டுவதில் நானூறில் ஒரு பங்குதான் 1 மீட்டர் உயரத்தில் தெரியும். இடுப்பு உயரத்தில் மட்டும் அளந்த வரைபடம் அந்த இடத்தைப் பச்சையாக, அதாவது பாதுகாப்பானதாகக் காட்டும். அங்கே முட்டி போட்டு உட்கார்ந்து போல்ட் கழற்றுகிறவரின் கையும் முழங்காலும் எங்கே இருக்கும் என்று யோசியுங்கள்.

மீட்டர் தன் உச்ச அளவைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஃபுகுஷிமாவிலேயே உதாரணம் இருக்கிறது. 2011 ஜூலை கடைசியில், 1, 2-ஆம் உலைகளின் பொதுப் புகைபோக்கி அடியில் ஒரு குழாய் கடுமையாக ஒளிர்வதை, கதிர்வீச்சு வரும் திசையைப் படமாக்கும் காமா கேமரா காட்டியது. ஆகஸ்ட் 1 அன்று அளந்தபோது மணிக்கு 10 சீவர்ட், அதாவது 10,000 மில்லிசீவர்ட் என்று வந்தது. அந்த மீட்டரின் உச்சமே 10 சீவர்ட்தான். ஆக, அது 10 அல்ல, 10-க்கு மேல். இப்படிப்பட்ட எண்ணைக் கணினியில் ஏற்றும்போது 'மேல்' என்ற சொல் உதிர்ந்துவிட்டால், அதை வைத்துப் போடும் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். சில பழைய கைகர் குழாய் மீட்டர்கள் இன்னும் ஆபத்தானவை. மிகக் கடுமையான கதிர்வீச்சில் திணறி, எண்ணைக் குறைத்தே காட்டும். அந்தப் புகைபோக்கி 120 மீட்டர் உயரம். 2019 ஆகஸ்டில் தொடங்கி 2020 மே வரை, அதன் மேல் பாதியைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் துண்டு துண்டாக வெட்டி இறக்கினார்கள்.

காமா கேமரா எப்படித் திசையைக் கண்டுபிடிக்கிறது? ஒரு வகையில் கனமான ஈயத்தில் ஊசித்துளை இருக்கும், பழைய புகைப்படப் பெட்டி மாதிரி. இன்னொரு வகை காம்ப்டன் கேமரா. இதில் இரண்டு அடுக்கு உணரிகள். காமா கதிர் முதல் அடுக்கில் மோதிச் சிதறி, இரண்டாவதில் நிற்கும். இரண்டிலும் விட்ட ஆற்றலைக் கொண்டு, எந்தக் கூம்பின் பரப்பிலிருந்து வந்திருக்கும் என்று கணக்கிடலாம். ஆயிரக்கணக்கான கூம்புகள் வெட்டிக்கொள்ளும் திசையில் மூலம் இருக்கிறது. ஈயக் கவசத்தின் பாரம் இல்லாததால் ஜப்பானிய அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் இதை ரோபோவில் ஏற்றி லைடார் படத்தோடு இணைத்தார்கள். ஒரே இடத்திலிருந்து எடுத்தால் திசை மட்டும்தான் தெரியும், தூரம் தெரியாது. முன்னால் இருக்கும் குழாயா, பின்னால் இருக்கும் சுவரா என்று பிரித்தறிய, இரண்டு மூன்று இடங்களிலிருந்தாவது எடுக்க வேண்டும்.

இப்போது நிறம் பூசும் வேலைக்கு வருவோம். அளந்த புள்ளிகளுக்கு இடைப்பட்ட பகுதியை மென்பொருள் தானாக நிரப்பி அழகான படம் கொடுத்துவிடும். அதற்குச் சுவர் தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் சிவப்பை அந்தப் பக்கத்துப் பச்சையோடு குழைத்து, இரண்டு அறையையும் மஞ்சளாக்கிவிடும். 5 சென்டிமீட்டர் கான்கிரீட் இருந்தாலே கதிரியக்கப் பொருளான சீசியம்-137-இன் காமா கதிர் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது என்பதை நினைத்தால், இந்தத் தவறு எவ்வளவு பெரியது என்று புரியும். சரியான முறை வேறு: லைடார் கொடுத்த பரப்புகளில் மூலங்களை வைத்துப் பார்த்து, இடையிலுள்ள சுவரின் தடுப்பையும் சேர்த்து, அளந்த எண்களோடு ஒத்துவரும்வரை கணக்கைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்வது. அளவீடு எட்டாத மூலைக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள். பச்சை கொடுத்தால் அது தொழிலாளிக்குக் கொடுத்த பொய் வாக்கு.

நல்ல வரைபடத்தால் என்ன லாபம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு வால்வு மாற்ற மூன்று பேர், 25 நிமிடம். அவர்கள் நிற்கும் இடத்தில் மணிக்கு 1.2 மில்லிசீவர்ட். ஆளுக்கு 0.5, மொத்தம் 1.5. வரைபடம், அந்த 1.2-இல் 0.9 பின்னாலிருக்கும் ஒரு குழாய் வளைவிலிருந்து வருகிறது என்று காட்டுகிறது. சீசியமாக இருந்தால் 6.5 மில்லிமீட்டர் ஈயம் பாதியாக்கும். அந்தத் தடிமனில் இரண்டு அடுக்கு ஈயப் போர்வை போட்டால் கால் பங்காகும், அதாவது 0.23 அளவுக்கு இறங்கும். மொத்தம் 0.53. மூன்று பேரின் டோஸ் 0.66 ஆகிவிடும். ஆனால் போர்வை போடவும் இரண்டு பேர் 6 நிமிடம் அங்கே நிற்க வேண்டும், அதற்கு 0.24. கூட்டினால் 0.9. நிகர மிச்சம் 0.6. அதே இடத்தில் ஒரே ஆள் 5 நிமிடம் பார்த்துவிட்டு வரும் வேலை என்றால் மொத்தமே 0.1தான், அதற்குப் போர்வை போடுவது டோஸைக் கூட்டும். கோபால்ட்-60 ஆக இருந்தால் பாதியாக்க 12 மில்லிமீட்டர் ஈயம் தேவை, கணக்கே மாறிவிடும். எடையையும் பாருங்கள்: இரண்டு அடுக்கும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் சுமார் 150 கிலோ. குழாயின் தாங்கி அதைத் தாங்குமா என்று கேட்காமல் மேலே போடக் கூடாது.

தூரம் தள்ளி நின்றால் போதும் என்பதும் எல்லா இடத்திலும் பலிக்காது. ஒரு புள்ளி மூலம் என்றால் தூரம் இரட்டித்தால் கால் பங்காகும். நீண்ட குழாய் என்றால் பாதிதான் குறையும். தரை முழுக்க அழுக்கு என்றால் நாலு எட்டு நகர்ந்தும் பலனில்லை. மூலத்தின் வடிவம் தெரியாமல் இதில் முடிவெடுக்க முடியாது.

ரோபோ போய்விட்டால் எல்லாம் முடிந்தது என்பதும் இல்லை. 2011 அக்டோபரில் குவின்ஸ் என்ற ஜப்பானிய ரோபோ 2-ஆம் உலைக் கட்டடத்துக்குள் அளந்துவிட்டுத் திரும்பும் வழியில் தகவல் கேபிள் சிக்கிக்கொண்டு, உள்ளேயே நின்றுவிட்டது. கான்கிரீட்டுக்குள் ரேடியோ அலை எட்டாது, கேபிள் போட்டால் படிக்கட்டு மூலையில் மாட்டும். அடுத்த முறை இரண்டு குவின்ஸ்களை ஜோடியாக அனுப்பும் ஏற்பாடு வந்தது. ஒன்று மற்றதன் தகவலை வாங்கிக் கடத்த முடியும்.

மேற்பரப்பு வரைபடத்துக்குப் பிடிபடாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உலைக்கு மேலே மூடியாக, ஒவ்வொன்றும் சுமார் 60 சென்டிமீட்டர் தடிமனில் மூன்று கான்கிரீட் அடுக்குகள் இருக்கின்றன. 60 சென்டிமீட்டர் என்றால் 12 முறை பாதியாகும் தடிமன். சிதறி வருவதை விட்டுவிட்டால், நாலாயிரத்தில் ஒரு பங்குதான் நேராக மேலே வரும். மேலே வைத்த மீட்டருக்கு, தரை அழுக்கும் அடியிலிருந்து கசிவதும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். பிரித்தறிய, எந்த ஆற்றலில் எத்தனை கதிர் வந்தது என்று காட்டும் ஆற்றல் நிறமாலை வேண்டும்: மேற்பரப்பு அழுக்கு என்றால் சீசியத்துக்குரிய 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் கூர்மையான சிகரம் எழும், தடித்த கான்கிரீட்டைக் கடந்து வருவதில் சிகரம் தேய்ந்து, சிதறிய கதிர்களே மிகுந்திருக்கும். 2-ஆம் உலையில் மேல் அடுக்குக்கும் நடு அடுக்குக்கும் இடையே மட்டும் 20 முதல் 40 பெட்டா பெக்கரல் (ஒரு பெட்டா பெக்கரல் என்றால் நொடிக்குப் பத்துக் கோடி கோடி அணுச்சிதைவு), 3-ஆம் உலையில் சுமார் 30 பெட்டா பெக்கரல் சீசியம்-137 இருக்கலாம் என்று ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்டது 2021-இல், விபத்து நடந்து பத்து ஆண்டு கழித்து. அந்த மூடியைத் தூக்காமல் உள்ளே இறங்க வழி தேடுகிறவர்கள் இந்த எண்ணை மறந்துவிட முடியாது.

வணக்கம்.