வசந்தப் பூக்கள் வாடிய பின் செய்ய வேண்டியவை

அவையில் கூடியிருக்கும் தோட்டக்கலை ஆர்வலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வசந்தத்தின் தொடக்கத்தில் ஒவ்வோர் அரும்பையும் ஆவலோடு பார்க்கும் நாம், அதன் கடைசி வாரங்களில் முதல் பூக்கள் வாடத் தொடங்கியதும் செடியை மறந்துவிடுகிறோம். அடுத்து வரும் பூக்களைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்த வாரங்களே என்பதால், இக்காலத்துப் பராமரிப்பைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் கவாத்து. எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் வெட்டிச் சீர்செய்யும் வழக்கம், பூக்காத செடிகளுக்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று. லைலாக், அசேலியா, ஃபோர்சித்தியா போன்ற புதர்ச்செடிகள் முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைகளிலேயே பூக்கின்றன; பூத்து முடிந்த பிறகு வரும் கோடையிலும் அதையடுத்தும் அவை மறு ஆண்டுக்கான மொட்டுகளை உருவாக்கிக்கொள்கின்றன. ஆகவே இவற்றைப் பூ முடிந்த சில வாரங்களுக்குள் கவாத்துச் செய்துவிட வேண்டும். இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ வெட்டினால், கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும் மொட்டுகளையும் சேர்த்தே வெட்டிவிடுவோம். செடி பச்சைப்பசேலென்று நலமாக இருக்கும், ஆனால் பூ வராது. புதிய தளிரில் பூக்கும் செம்பருத்திக்கும், மீண்டும் மீண்டும் பூக்கும் ரோஜா வகைகளுக்கும் இந்த விதி பொருந்தாது. உங்கள் செடி எந்தக் கிளையில் பூக்கிறது என்பதை ஒரு பருவம் கவனித்துப் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ரோஜாவில் இப்போது முக்கியமான வேலை வாடிய பூக்களை நீக்குவது. பூ வாடிக் காயாகும்போது செடி தன் உணவை விதைக்குத் திருப்புகிறது, புதிய மொட்டுகள் குறைகின்றன. வாடிய பூவை வெறுமனே கிள்ளி எறியாமல், காம்பில் கீழ்நோக்கிப் பார்த்து, வெளிப்புறமாக நோக்கிய அரும்புக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால், புதுக்கிளை வெளிப்பக்கம் வளர்ந்து செடியின் நடுவே காற்றோட்டம் கிடைக்கும். அழகிய செந்நிறக் காய்களுக்காகவே வளர்க்கப்படும் ரோஜா வகைகளை மட்டும் இப்படி வெட்டாமல் விட்டுவிடலாம்.

டூலிப், டாஃபடில் போன்ற குமிழ்ச் செடிகளிலும் வாடிய பூவை நீக்க வேண்டும்; ஆனால் இலைகளைத் தொடக்கூடாது. அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அந்த இலைகளே தயாரித்துக் குமிழில் சேமிக்கின்றன. அவை தாமாகவே மஞ்சளாகிச் சாய ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று இலைகளை முடிச்சுப் போட்டு வைப்போர் உண்டு. அதனால் இலையில் படும் வெயில் குறைகிறது, அவ்வளவுதான் பலன். அந்த அலங்கோலத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சாமந்தி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப்பொருள் பக்க அரும்புகளை அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனதும் அவை கிளைக்கின்றன. நடுக்கோடைக்குப் பிறகு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும், இல்லையேல் மொட்டுகளையே இழப்போம்.

உரத்தில் தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகும், பூ குறையும். மண் சூடேறிய பிறகு, நன்றாக நீர் பாய்ச்சி, அதன்மேல் 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்கு, அதாவது காய்ந்த இலை, வைக்கோல் போன்றவற்றால் மண்ணை மூடும் அடுக்கு, இடலாம். ஆனால் அதைத் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், தண்டு அழுகும். தண்ணீரைக் காலையில், வேரடியில், ஆழமாக இறங்கும்படி விடுங்கள். ரோஜாவின் கரும்புள்ளி நோயைப் பரப்பும் பூஞ்சை வித்துகள் முளைத்து இலைக்குள் புக, இலை சில மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். மாலையில் இலைமேல் தெளிக்கும் தண்ணீர் அந்த நேரத்தை அவற்றுக்குக் கொடுத்துவிடுகிறது.

இளந்தளிர்களில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி திரண்டிருப்பதைக் கண்டால் உடனே பூச்சிமருந்தை நாடாதீர்கள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அசுவினிகளுக்கு நடுவே கருமையான நீண்ட உடலும் ஆரஞ்சுப் புள்ளிகளும் கொண்ட சிறு புழுக்கள் ஊர்ந்தால், அவை பெரும்பாலும் பொறிவண்டின் இளம்பருவம். முதிர்ந்த பொறிவண்டைப் போலவே அவையும் அசுவினிகளைத் தின்கின்றன. ஆனால் தோற்றத்தைக் கண்டு அஞ்சிப் பலரும் முதலில் நசுக்குவது அவற்றைத்தான். மருந்து தெளித்தாலும் அசுவினியோடு அவையும் மடியும். ஆகவே தளிரைத் திருப்பிப் பார்த்து, அவை இருந்தால், அந்தக் கிளையைச் சில நாட்கள் அப்படியே விட்டுவிடுங்கள்.