ஃப்ரீ ரெயின்: அது கயிறு, ஆட்சி அல்ல

நடுவர் அவர்களே, எதிரணி அம்மா அவர்களே, ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழாவுக்கு வந்து, பந்தல் கொள்ளாமல் தெருவரை உட்கார்ந்திருக்கும் சோழவந்தான் மக்களே, வணக்கம்.

என்ன படிப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்வதா, பிள்ளைகள் முடிவு செய்வதா? பிள்ளைகளே என்பது எங்கள் அணி. "பிள்ளைகளுக்கு ஃப்ரீ ரெயின் கொடுத்தால் வீட்டில் அவர்கள் ராஜ்ஜியம்தான்" என்று அம்மா சொன்னார்கள், நீங்களும் கை தட்டினீர்கள். என் வழக்கே அந்த இடத்தில்தான்.

இங்கிலீஷில் ரெயின் என்று ஒலிக்கும் சொற்களில் இரண்டு இங்கே குழம்புகின்றன. நடுவில் ஜி எழுத்து வந்தால் ஆட்சி. வராவிட்டால், குதிரைக் கடிவாளத்தில் கட்டி, சவாரி செய்பவர் கையில் பிடிக்கும் வார். ஃப்ரீ ரெயினில் இருப்பது இந்த வார்தான். இங்கிலீஷ்காரர்களே ஆட்சி என்று நினைத்து ஜி சேர்த்து எழுதிவிடுவதுண்டு. கரடுமுரடான பாதையில் வாரைத் தளர்த்தினால் குதிரை தலையைத் தாழ்த்தி, கால் வைக்கும் இடத்தைத் தானே பார்த்து நடக்கும். ஒருவரை அவர் போக்கில் முடிவெடுக்க விடுவதற்கு அந்தப் பேச்சு இப்படித்தான் வந்தது. அலுவலகத்தில் ஒரு வேலையைக் கொடுத்து "உனக்கு ஃப்ரீ ரெயின்" என்றால், எப்படிச் செய்வது என்பது உன் இஷ்டம் என்று அர்த்தம். வார் தளர்கிறது, சவாரி செய்பவர் இறங்கிப் போய்விடவில்லை.

சரி, குதிரையை விட்டு மாட்டுக்கு வருவோம். எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், இந்த ஊர்க் கொடிக்கால் வெற்றிலையை மாட்டு வண்டியில் மதுரைக்குக் கொண்டுபோவார். இருட்டில் திரும்பும்போது, நம்ம ஊர்ப் பாதை வந்ததும் கயிற்றைத் தளர்த்திவிடுவார். அது மாட்டின் முதுகில் தொய்ந்து கிடக்கும். நுனி மட்டும் அவர் பெருவிரலில் ஒரு சுற்று. பள்ளம் வந்தால் மாடே விலகும். "ஐயா, தூங்குறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "வலத்து மாடு லேசா நொண்டுதுடா, அதைத்தான் பாத்துட்டு வாரேன்" என்றார்.

அம்மாவின் பயம் பொய்யில்லை. சிநேகிதன் சேர்ந்தான் என்று தானும் போய்ச் சேரும் பிள்ளை உண்டு. ஆனால் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடும் நாளில் ஒரு பிரவுசிங் சென்டரில் நான் பார்த்தது வேறு. நாற்காலியில் அப்பா, மவுஸ் அவர் கையில். பெண் பின்னால் நின்று மதிப்பெண் பட்டியலின் நகலைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். "எந்தப் பாடம்மா?" என்று சென்டர்காரர் அவளைத்தான் கேட்டார். பதில் அப்பாவிடமிருந்து வந்தது. நான்கு வருஷம் அந்த வகுப்பில் உட்காரப்போவது அவள், ஐயா! ஓட்டுப் போடும் வயதை 21லிருந்து 18ஆக இந்த நாடு 1989லேயே குறைத்துவிட்டது. நாட்டை ஆள்வது யார் என்று சொல்ல அவளுக்கு அடுத்த வருஷம் உரிமை வந்துவிடும்.

போன வருஷம் என் மகன் பட்டியல் போட்டான். எனக்குக் கம்ப்யூட்டர் ஆசை, அவன் சிவில் என்றான். இரண்டு கேள்வி கேட்டேன். சிவில் ஏன் என்பதற்கு அரைமணி நேரம் பேசினான். முதலில் வைத்திருந்த கல்லூரிக்குத் தினமும் எத்தனை மணி நேரம் பஸ்ஸில் போவாய் என்றதற்கு மட்டும் பதில் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்து அவனே அந்தக் கல்லூரியைக் கீழே இறக்கினான். அப்புறம் உறுதி செய்யும் பொத்தானை அவனே அழுத்தினான். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

மணி அடித்துவிட்டார் நடுவர். வணக்கம்.