மருந்துக்கடை மேசைக்கு இந்தப் பக்கம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலை நகரில் ஒரு மருந்துக்கடையில் மருந்து கொடுப்பது என் வேலை. கருத்தடை, கருக்கலைப்பு பற்றிப் பேசவேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, டொக்டர் ஒருவரைக் கூப்பிடலாமே என்றுதான் சொன்னேன். ஆனால் டொக்டரிடம் போவதற்கு முந்தி சனம் வந்து நிற்பது எங்களிடம்தான்.

நிற்கிற விதத்திலேயே விஷயம் விளங்கிவிடும். முதலில் ஒரு அட்டை பனடோல் கேட்பார். பிறகு ஒரு பக்கெட் ஜீவனி. பக்கத்தில் நிற்கிற ஆள் போகுமட்டும் அலுமாரியில் இருக்கிற பால்மாவின் விலையை வாசித்துக்கொண்டு நிற்பார். ஆள் போனதும் குரல் இறங்கும். "அக்கா, வீட்டில ஆளுக்குத் தள்ளிப்போச்சு. ஏதும் குளிசை இருக்கோ?"

கேட்டு வருவது கலியாணமாகாத பெடியள் என்று நினைப்பீர்கள். நான் கண்டமட்டில் அதிகம் பேர் குடும்பகாரர், பிள்ளைகள் உள்ளவர்கள். மூத்தது ஓ.எல். எழுதுகிற வருடத்தில் இன்னொன்றா என்ற வெட்கம் ஒருவருக்கு. இருக்கிற வாய்களுக்கே போதாத வருமானம் இன்னொருவருக்கு.

அந்தக் குளிசையை நாங்கள் தரமுடியாது. இலங்கையில் கருக்கலைப்புக்குரிய சட்டம் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டும்தான் அதில் இடமுண்டு. மற்றபடி செய்தவருக்கும், தானே செய்துகொண்ட பெண்ணுக்கும் 3 வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகென்றால் 7 வருடம் வரை. வல்லுறவால் வந்த கருவுக்கும் விலக்கில்லை, பிழைக்காது என்று ஸ்கேனில் தெரிந்த கருவுக்கும் விலக்கில்லை. 1995இல் திருத்தப் பார்த்தார்கள், 2017இலும் பேச்சு வந்தது. இரண்டு முறையும் எதிர்ப்பு வந்து நின்றுபோனது. இந்தியாவிலோ 1971இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. எங்கள் சனம் பார்ப்பதெல்லாம் தமிழ்நாட்டு யூடியூப். அங்கே ஒரு டொக்டர் சொன்ன மாத்திரையின் பெயரை ஃபோனில் காட்டிக் கேட்கிறார்கள். இங்கே சட்டம் வேறு என்றால், நான் எங்கோ ஒளித்துவைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள். இல்லையென்று திரும்பிப் போகிறவர் எங்கே போகிறார் என்பதுதான் என் பயம். சட்டம் அவரைத் தடுப்பதில்லை, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பிவிடுகிறது.

என் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. வல்லுறவுக்கு ஆளான பெண் அந்தக் கருவைப் பெற்றுத்தான் ஆகவேண்டும் என்கிற சட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான் நான். வேறு நம்பிக்கை உள்ளவர்களோடு வாதாட வரவில்லை. ஆனால் கருத்தடை குற்றமுமில்லை, காசுமில்லை. குளிசை, மூன்று மாத ஊசி, கையில் தோலுக்குக் கீழே வைப்பது, கருப்பைக்குள் வைக்கிற லூப் எல்லாம் அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். 1965இலிருந்து தாய்சேய் நலச் சேவையோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். வெருகலோ குச்சவெளியோ, அந்தந்தப் பகுதிக்கு மிட்வைஃப் மிஸ் இருக்கிறார்.

பிறகும் ஏன் தள்ளிப்போகிறது? கிண்ணியாப் பக்கத்துப் பெண் ஒருவர், கணவர் கட்டாரில், கைப்பையிலிருந்து குளிசை அட்டையை எடுத்துக் காட்டினார். ஒரு அட்டையில் 28 குளிசை: 21 வெள்ளை, 7 மண்ணிறம். வெள்ளையில்தான் மருந்து, மண்ணிறம் வெறும் இரும்புச்சத்து. அவருடைய அட்டையில் வெள்ளையில் அங்கொன்று இங்கொன்றாக ஓட்டை. மண்ணிறம் ஒன்றும் மிச்சமில்லை. "அவர் லீவில வந்து நிக்கிற நாளைக்கு மட்டும்தான் வெள்ளை போடுற. அது தலை சுத்துது. மத்தது சத்துக் குளிசை எண்டு தினமும் போட்டன்" என்றார். கிளினிக்கில் கட்டாயம் விளக்கியிருப்பார்கள். மாமியாரும் மச்சாளும் பக்கத்தில் இருக்கும்போது அவர் எதைத் திருப்பிக் கேட்டிருப்பார்?

கேட்காததால் வருகிற வேறு பிழைகளும் உண்டு. சயரோகத்துக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமாசெபின் போன்றவை கருத்தடைக் குளிசையின் பலனைக் குறைத்துவிடும். அப்படி மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் அதைச் சொல்லவேண்டும், வேறு முறை தருவார்கள். அவசரக் கருத்தடைக் குளிசையான போஸ்டினர் பற்றியும் ஒரு வார்த்தை. உறவு கொண்டு 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு வேளைக்குப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அது முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிற மருந்து. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. மாதாமாதம் அதையே நம்பியிருக்கிற பெடியளுக்குச் சொல்கிறேன், தம்பிமார், ஒழுங்கான முறை ஒன்றுக்கு மாறுங்கள். பிரீத்தி ஆணுறையைப் பேப்பரில் சுற்றித் தரச்சொல்லிக் கேட்டாலும் பரவாயில்லை, சுற்றித் தருகிறேன்.

கலியாணமாகாத பிள்ளைகள் விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மிட்வைஃப் மிஸ்ஸின் பதிவேடு குடும்பங்களை வைத்து எழுதுவது. கார்மென்ட்ஸுக்குப் போகிற 22 வயதுப் பிள்ளை எந்தக் குடும்பத்தின் பெயரில் கிளினிக் வாசலில் நிற்பாள்? அங்கே வரிசையில் இருப்பது அவளுடைய சித்தியும் பக்கத்து வீட்டு அன்ரியும். சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று பெற்றோர் சொல்கிறார்கள். கெட்டுப்போவது பற்றி எனக்குத் தெரியாது. ஒன்றும் தெரியாமல் வந்து அழுகிற பிள்ளைகளைத்தான் நான் காண்கிறேன்.

நேரம் முடிகிறது. ஏற்கெனவே எங்கேயோ போய் எதையோ போட்டுக்கொண்ட ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். இரத்தம் நிற்காமல் போனால், காய்ச்சல், அடிவயிற்று நோவு, கெட்ட வாடை வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பக்கத்திலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன குளிசை, எத்தனை, எப்போது என்பதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டை வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

நன்றி. வணக்கம்.